கரித்துண்டு வைத்த சோறு

உங்கள் அக்கா இப்போது உங்களையெல்லாம் வரிசையாக உட்கார்த்திச் சோறு உருட்டிக் கொடுக்கிறாள். நாலு வயதில் என் கையால் ஒரு வாய்கூட வாங்க மறுத்தவள் அவள் என்றால் நம்பமாட்டீர்கள். குற்றம் என்னுடையது. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

அந்த வருஷம் அவளுக்கு மலேரியா. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கொயினா மாத்திரை கொடுத்தார். கசப்பு நாக்கில் பட்டதும் துப்பிவிடுவாள். நான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு மாத்திரையைப் பொடித்து மலைவாழைப்பழத்துக்குள் வைத்து, "வெறும் பழந்தான் ஆத்தா, வேற ஒண்ணுமில்ல" என்று ஊட்டினேன். ஒரு கடி கடித்தாள். என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

அதன் பிறகு நான் எதை நீட்டினாலும் வாயை இறுக்கிக்கொண்டாள். காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகியும் உங்கள் அம்மா கொடுக்கும் கஞ்சித்தண்ணீர்தான் உள்ளே போனது. அதையும் மோந்து பார்த்த பிறகே குடிப்பாள். கை கால் குச்சியாகிவிட்டது. "சோறு எறங்கலேன்னா, அடுத்த காய்ச்சல பிள்ள தாங்காது" என்றார் கம்பவுண்டர். இடம் மாறினால் பசி எடுக்கும் என்று, தேனியிலிருந்து கம்பத்துக்கு, உங்கள் மாமா வீட்டுக்குப் புறப்பட்டோம்.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் அடுப்புக்கரியில் ஓடின. வண்டியின் பின்னால் பீப்பாய் போல ஓர் அடுப்பு இருக்கும். சின்னமனூருக்கு இந்தப் பக்கமே எங்கள் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

"கரி போட்டு ஊதணும், அரைமணி ஆகும். பசிக்கிறவுக சாப்பிட்டுக்கங்கய்யா" என்றார் கண்டக்டர்.

"வண்டிக்கு மொதப் பந்தி, நமக்கு ரெண்டாம் பந்தியா?" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள்.

வாய்க்கால் ஓரத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். உங்கள் அம்மா தூக்குச்சட்டியைத் திறந்தாள். கோழிக்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. அதன் மேல் ஒரு கரித்துண்டு. கவிச்சி கலந்த சோற்றை வழியில் எடுத்துப் போனால், காத்துக்கருப்பு அண்டாமலிருக்க அப்படி ஒரு துண்டு வைப்பது நம் வீட்டு வழக்கம்.

அதைப் பார்த்ததும் அக்கா பின்னுக்கு நகர்ந்தாள். "அது என்ன? மருந்தா?"

"கரிடி! அங்கன பஸ்ஸுக்குப் போடுறாகல்ல, அதேதான்" என்றான் உங்கள் அண்ணன். அவனுக்கு அப்போது ஆறு வயது.

"சோத்துல எதுக்கு?"

"அது இருந்தாப் பேய் வராதுத்தா" என்றாள் அம்மா.

அக்கா கரித்துண்டை உற்றுப் பார்த்தாள். "கொயினா?"

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். வராது என்று சொல்லிவிட்டால் பிள்ளை சாப்பிட்டுவிடும் என்பது அந்தப் பார்வை. எனக்கும் அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பழத்தின் ஞாபகமும் கூடவே வந்தது.

"கரி பேயைத்தான் வெரட்டும் ஆத்தா. கொயினாவ வச்சது பேயில்ல, நான். பழத்துக்குள்ள ஒளிச்சு வச்சேன். தப்புத்தான். இனிமே குடுத்தா, இந்தா கொயினான்னு சொல்லித்தான் குடுப்பேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு இல்ல. வேணும்னா தேடிப் பாரு."

நிஜமாகவே தேடினாள். கரித்துண்டை எடுத்து உடைத்தே பார்த்தாள். பிறகு அந்தக் கையோடு சோற்றுக்குள் புகுந்து கிளறினாள். சோறு பாதி கறுத்துவிட்டது.

"ஐயோ, இருந்த சோத்தையும் பாழாக்குறா, பாத்துக்கிட்டே இருக்கீகளே!" என்று அம்மா பதறினாள். நான் கையைக் காட்டி அவளை நிறுத்தினேன்.

தேடி முடித்தவள் ஓர் உருண்டை உருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினாள். "நீ மொதல்ல."

வாங்கிக்கொண்டேன். பல்லில் கரி நறநறவென்றது.

"கசக்குதா?"

"கசக்கல. மண்ணத் தின்ன மாதிரி இருக்கு."

"அப்பா பல்லப் பாரு, கறுப்பு!" என்று அண்ணன் குதித்தான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடே வாயைத் திறந்தாள். கறுக்காத பக்கத்துச் சோறாகப் பார்த்து நான் வைத்தேன். மெதுவாக மென்றாள். விழுங்கினாள். மறுபடியும் திறந்தாள். கண்டக்டர் வந்து ஏறச் சொல்லிக் கூப்பிடுவதற்குள் ஏழு வாய் போயிருந்தது. ஒவ்வொன்றையும் உங்கள் அம்மா வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தாள்.

கம்பத்தில் எட்டாம் நாள் திரும்பவும் குளிர்காய்ச்சல் வந்தது. மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, "இந்தா ஆத்தா, கொயினா" என்று நீட்டினேன். அழுதாள். முதல் மாத்திரையைத் துப்பினாள். இரண்டாவதை அழுதுகொண்டே விழுங்கி, தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப சோறு" என்றாள்.

என் கையால்தான் கேட்டாள்.