விரதத்தில் எடுத்த இரத்தம்

எனக்குக் கொலஸ்ட்ரோல் என்று தெரிந்தபோது வயது இருபத்து மூன்று. எடை நாற்பத்தாறு கிலோ. "அப்பாவுக்கு எப்படி?" என்று டாக்டர் கேட்டார். நாற்பத்தொரு வயதில் நெஞ்சுவலியில் போனார், பெரியப்பாவும் அப்படித்தான் என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இது பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் வந்ததல்ல. கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்.

எனக்கு இருப்பது ஒரே அண்ணன். மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் விற்கும் மொத்தக் கடையில் மூட்டை தூக்குகிறான். முப்பத்தைந்து வயது, ஒட்டிய வயிறு.

"இந்தா பாரு தங்கச்சி, எங்க இருக்கு கொழுப்பு? காட்டு பாப்போம்."

கல்லீரலை வரைந்து காட்டினேன். இரத்தத்தில் ஓடும் கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் கைகள் நம் வீட்டாருக்குக் குறைவு என்றேன். அந்தக் காகிதத்திலேயே வடையை வைத்துச் சாப்பிட்டான்.

இரத்தம் சோதிக்கச் சொல்லி மூன்று மாதம் கெஞ்சினேன். மாசி மகத் தேருக்குக் காவடி எடுக்க விரதம் இருந்தபோது அவனாகவே வந்தான்.

"வா, இப்ப ரத்தம் குடுக்கிறேன்."

இருபது நாளாக மீனில்லை, முட்டையில்லை, ஒரு நேரச் சாப்பாடு. பாஸாவதற்குத்தான் இந்த அவசரம் என்று புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டிப் போனேன்.

ரிப்போர்ட் வந்தது. என்னுடையதைவிட அதிகம்.

"லேப்ல மாத்திட்டாங்க."

"அண்ணா, இருபது நாளா மரக்கறிதான சாப்பிட்ட? அப்ப இவ்வளவும் எங்கேருந்து வந்துச்சு?"

ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். என் படங்களால் முடியாததை அவனுடைய தில்லுமுல்லே செய்துவிட்டது.

கிளினிக்கில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோது கேட்டான்.

"எத்தன நாளைக்குப் போடணும்?"

"எப்பவும்."

"எப்பவுமா? கொணமாக்காத மருந்த எதுக்குப் போடணும்?"

"அப்பா மாதிரி போயிடாம இருக்க!"

கத்திவிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. மாத்திரை கைக்கு வந்ததும் அண்ணன் ஒன்றைப் பிய்த்து, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினான். எனக்குக் கண் கலங்கியது. அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் போன் எடுத்தேன். "மாத்திரை போட்டியாண்ணா?"

"என்ன புள்ள நீ, நேத்துத்தான போட்டேன்!"