ஹிராமின் காலில் பாய்ந்த குண்டு

கரோலினா மலைப்பக்கத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஆர்லீனுக்கு, அப்பா விட்டுப்போன ஒரே பெருமை ஹிராம். அப்பாவின் கொள்ளுத்தாத்தா. அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் போர்க்களம் வரை போய், காலில் குண்டு வாங்கி, நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்த வீரர். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் யாரும் முள்கரண்டியைக்கூட அசைக்கமாட்டார்கள்.

அப்பா இறந்தபின் ஹிராமின் கல்லறையில் புதுக் கல் நடத் தீர்மானித்தார்கள். அதில் அவருடைய படைப்பிரிவின் பெயரையும் பொறிக்க வேண்டும் என்றாள் ஆர்லீன்.

"அதெல்லாம் எதுக்கு? போர்வீரன்னு போட்டாப் போதும்" என்றான் தம்பி டுவைட்.

அவள் கேட்கவில்லை. ராலேயில் இருந்த ஆவணக் காப்பகத்துக்குப் பழைய டிரக்கை ஓட்டிக்கொண்டு போய்வந்தாள். கெட்டிஸ்பர்கில் நின்ற எந்தப் பிரிவிலும் ஹிராம் இல்லை. கடைசியில் அகப்பட்டது அவர்கள் வட்டாரத்து ஊர்க்காவல் படையில். அந்தப் படை மலையைவிட்டு இறங்கியதே இல்லை. போருக்குப் போகப் பிடிக்காமல் காட்டில் ஒளிந்தவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் அதன் வேலை.

மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் இவர்கள் குடும்பத்தோடு ஒட்டுவதில்லை. ஏன் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசித்தாள். அங்கிருந்த ஓப்பல் என்ற முதியவளைத் தேடிப் போய், ஹிராமின் வம்சம் என்று சொன்னாள். ஓப்பல் உள்ளே கூப்பிடவில்லை. வலைக்கதவுக்குப் பின்னால் நின்றே பேசினாள்.

"ஹிராமும் அவன் ஆளுங்களும் சோளக்காட்டுல அஞ்சு பேரைக் கட்டிவச்சு சுட்டாங்க. அதுல ஒருத்தர் எங்கம்மாவோட தாத்தா."

"ஹிராமுக்குக் கெட்டிஸ்பர்க்ல கால்ல குண்டு பட்டுச்சுன்னு எங்கப்பா..."

"அது எங்கம்மாவோட பாட்டி சுட்டது. புருஷனை இழுத்துக்கிட்டுப் போறப்ப வாசல்ல நின்னு சுட்டா. நெஞ்சுக்குத்தான் குறிவச்சா. கை நடுங்கிடுச்சு."

ஆர்லீன் நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் முழுக்கக் கேட்டான். ஆச்சரியப்படவில்லை.

"தெரியுமா உனக்கு?"

"அப்பா சொன்னாரு. உங்கிட்ட சொல்ல வேணாம்னாரு. நீ தாங்கமாட்டியாம்."

"நான் அங்கயும் இங்கயும் அலைஞ்சேனே, அப்பக்கூட வாயைத் திறக்கலையே நீ."

"உனக்கு எதுவும் கிடைக்காதுன்னு நெனச்சேன். கல்லு செதுக்கி வந்தாச்சு, ஆர்லீன். ஞாயித்துக்கிழமை வந்து பூவை வச்சிட்டு, எல்லார்கூடயும் உக்காந்து சாப்பிட்டுட்டுப் போ."

மே மாதத்தில் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கும் ஞாயிறு அது. தேவாலயப் புல்வெளியில் கோழி வறுவலும் பீன்ஸும் பரப்பியிருந்தார்கள். போதகர் ஜெபித்ததும், ஹிராமின் கல்லை மூடியிருந்த துணியை டுவைட் விலக்கினான். 'கெட்டிஸ்பர்கில் காயமுற்ற வீரர்' என்றிருந்தது. படைப்பிரிவின் பெயர் இல்லை.

ஆர்லீன் அங்கே போகவில்லை. தன் தோட்டத்துப் பியோனிப் பூக்களை வாளியில் வைத்து எடுத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள். ஐந்து பேரையும் புதைத்த மேட்டில் ஓப்பல் தன் ஆட்களோடு களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இதை வைக்கலாமா?" என்று கேட்டாள் ஆர்லீன்.

ஓப்பல் நிமிர்ந்து பார்த்தாள். "வச்சா உனக்கு மனசு லேசாயிடும். எங்களுக்கு என்ன ஆகும்?"

ஆர்லீன் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

அடுத்த வாரம் கல்லில் இருப்பது பொய் என்று போதகரிடம் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். அதற்குள் டுவைட், அக்காவுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது, ஏதேதோ சொல்கிறாள், பொருட்படுத்தாதீர்கள் என்று சபையில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். அதை அவள் கடையில் மாவு வாங்கும்போதுதான் தெரிந்துகொண்டாள். நாற்பது வருஷமாகப் பழகிய போதகரின் மனைவி அவள் கையைப் பற்றிக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாக, "நான்தான் ஜூனிட்டா, தெரியுதா?" என்றாள்.