வத்சலா மேடம் எண்ணிப் பார்த்த டேப்

போன வாரம் காலைக் காப்பி நேரத்தில் கோவையிலிருந்து தொலைபேசி வந்தது. வத்சலா மேடத்தின் மகள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க. கடைசியில கஷ்டப்படல" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே காத்திருந்தவன்போல் பெருமூச்சு விட்டேன். கடந்த வருடம் முழுக்க நோயில் அவர் பட்ட வேதனையை அறிந்தவர்களுக்கு அது புரியும்.

எழுபதுகளில் குவைத்தில், ஃபஹாஹீலுக்கு அருகே ஒரு எண்ணெய் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் ரூமில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். மண்ணுக்கடியில் ஓடும் பைப்புகள் எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்ற விவரமெல்லாம் துளையிட்ட அட்டைகளிலிருந்து காந்த டேப்புக்கு மாறிக்கொண்டிருந்த காலம். நான் ஆபரேட்டர். டேப்புகளின் பொறுப்பு மேடத்துடையது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா டேப்பையும் ஓட்டிப் படித்துப் பார்ப்பார். மெஷின் நேரம் வீணாகிறது என்று மற்ற பிரிவுகள் முணுமுணுக்கும். "அலமாரியில இருந்தா இருக்குன்னு அர்த்தமில்ல. படிக்க முடிஞ்சாதான் இருக்கு" என்பார்.

புது டேப்புக்கு நகல் எடுத்ததும் பழையதை அழித்து வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். இரண்டையும் தானே ஒப்பிட்டுப் பார்க்கும்வரை மேடம் கொடுக்கமாட்டார். டேப் தட்டுப்பாடு வந்தபோது மேனேஜரே நேரில் வந்து கேட்டார். மேடம் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். டேப்பை மட்டும் தரவில்லை.

அவர் லீவில் இருந்த ஒரு வாரத்தில் பைப் டேப்பை நான் நகல் எடுத்தேன். பாதியில் மெஷின் நின்றது. மறுபடி ஓட்டினேன்; முடிந்ததாகக் காட்டியது. இரண்டு டேப்பிலும் பதிவுகளின் எண்ணிக்கை ஒன்றுதானா என்று பார்க்கவில்லை. சில நாளில், வடிகால் தோண்டப்போகும் இடத்தில் ஏதாவது பைப் உண்டா என்று சைட்டிலிருந்து கேட்டார்கள். புது டேப்பிலிருந்து பட்டியல் அடித்துக் கொடுத்தேன். எதுவும் இல்லை என்றது பட்டியல்.

லீவு முடிந்து வந்த மேடம் முதல் வேலையாக இரண்டு டேப்பிலும் உள்ள பதிவுகளை எண்ணினார். புதியதில் நடுவே ஒரு பகுதியே காணோம். அதிலிருந்து சைட்டுக்குப் பட்டியல் கொடுத்திருப்பதைச் சொன்னேன். பழையதில் அந்தப் பகுதியைத் தேடினால், தோண்டப்போகும் இடத்தின் குறுக்கே ஒரு கேஸ் பைப். சைட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

நாங்கள் போனபோது மெஷின் தோண்டத் தொடங்கியிருந்தது. போர்மேன் ராமநாதபுரத்துக்காரர். பட்டியலை நீட்டி, "இதுல மாஃபின்னு போட்டிருக்கே மேடம்" என்றார். எதுவும் இல்லை என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்லும் அரபு வார்த்தை அது.

"பட்டியல் தப்புண்ணே. மெஷினை நிறுத்தச் சொல்லுங்க. கையால தோண்டிப் பாருங்க."

மண்வெட்டியும் கையுமாக ஆட்கள் இறங்கினார்கள். இடுப்பளவு ஆழத்தில் பைப் தெரிந்தது. மெஷின் இன்னும் இரண்டு வாளி மண் அள்ளியிருந்தால் போதும். போர்மேன் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். குழிக்குள் நின்ற ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். நான் அழுதேன். மேடம் தம் பிளாஸ்க்கிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

திரும்பியதும் பதிவேட்டை என் முன்னால் வைத்தார். என் வேலை போய்விடும் என்று சொன்னேன். "போகலாம், சேது. ஆனா இதை மறைச்சிட்டா, இந்த ரூம்ல இருக்கிற மத்த டேப்பை யாரு நம்புவா?" என்றார். நடந்ததை வரிக்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே அவரும் ஒரு வரி எழுதினார்: "நான் இல்லாதபோது சரிபார்க்க யாரையும் நியமிக்காதது என் தவறு."

மேனேஜர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. எண்ணிப் பார்க்காமல் எந்த டேப்பும் வெளியே போகக்கூடாது, ஒருவர் எடுத்த நகலை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அவரை அறிந்த உங்களிடம் வேறு பல நினைவுகள் இருக்கும். என்னிடம் இருப்பது அவர் எழுதிய அந்த ஒரு வரி. யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராக எழுதினார். பிற்பாடு எனக்குக் கீழே பலர் வேலை செய்தார்கள். அவர்கள் தவறு செய்தபோதெல்லாம், அதில் என் பங்கு எது என்று முதலில் தேடினேன். பெரும்பாலும் இருந்தது.