மஞ்சள் விளக்கும் பிரேக் டீச்சரும்

என் மனைவிக்கு இந்தப் பக்கத்தில் பிரேக் டீச்சர் என்று பெயர். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அவள் காரில் ஓட்டுகிறவருக்கு இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பல வருஷமாக அதை மிதித்து மிதித்து, இப்போது எங்கே உட்கார்ந்தாலும் அவள் கால் தானாகத் தரையை அழுத்துகிறது. பஸ்ஸில் அழுத்துவாள். டிவியில் கார் வேகமாக வந்தால் சோபாவில் இருந்தபடியே அழுத்துவாள். நான் சாப்பாட்டுத் தட்டோடு கொஞ்சம் வேகமாக நடந்தால் அதற்கும் ஒரு மிதி விழும்.

அந்தப் பயிற்சிப் பள்ளிக்கு நான்தான் மானேஜர். மானேஜர் என்றால் போன் எடுப்பது, கார் கழுவுவது, திட்டு வாங்குவது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் இரண்டு நாள் கற்றுக்கொடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள், "கல்யாணம் வேணுமா, லைசென்ஸ் வேணுமா? ஒண்ணை முடிவு பண்ணுங்க" என்றாள். கல்யாணத்தை வைத்துக்கொண்டேன்.

அவளுடைய பாடம் முழுவதும் ஒரே சொல்தான்: மெல்ல. கிளட்சை மெல்ல விடு, கியரை மெல்லப் போடு, ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பு. இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஓட்டக் கற்றவள் டயருக்குக் காற்று பார்க்கவும், பெட்ரோல் போட்டு மூடவும் தானே கற்றிருக்க வேண்டும். "நடு ரோட்டுல நின்னா யாரும் கூட வரமாட்டாங்க" என்பாள். அதனால் நாமே போட்டுக்கொள்ளும் பங்க்குக்குத்தான் கார் போகும். எந்த மாணவியின் முறையோ அவள் இறங்கிப் போடுவாள்.

இப்படி வந்து சேர்ந்தவள்தான் பேக்கரிக்காரம்மா. கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து நடத்தும் கடை. அவள் ரொட்டி செய்வாள், அவர் விடிவதற்குள் வேனில் கொண்டுபோய்க் கடைகளுக்கும் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கும் போடுவார். ஒரு நாள் மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இனி வண்டியே ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய தம்பி வேனை ஓட்ட ஒப்புக்கொண்டான், ஆனால் மாத முடிவு வரைக்கும்தான். அதற்கு மேல் அவனுக்கு வேறு ஊரில் வேலை. அதற்குள் இவளுக்கு லைசென்ஸ் வந்தாக வேண்டும். வரவில்லையென்றால் கேன்டீன்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார், மற்ற கடைகளும் அவர் பின்னால் போய்விடும்.

மாவு பிசைந்து பிசைந்து இரும்பாகிப்போன கை அவளுக்கு. முதல் நாளே வைப்பர் குச்சியை ஒடித்துக் கையில் கொடுத்தாள். கார்க் கதவைச் சாத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். "அது கதவும்மா, பகையாளி இல்ல" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். பொழுது விடிந்து பொழுது போனால் மெல்ல, மெல்ல, மெல்ல. பாவம், அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு கற்றாள். கடைசியில் கதவு சாத்துவதே காதில் விழாத அளவுக்கு மாறிவிட்டாள். திங்கட்கிழமை காலை டெஸ்ட். அதை விட்டால் அடுத்த தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆகும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த விளக்கு எரிந்தது.

ஸ்பீடு மீட்டருக்குக் கீழே, இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. எனக்கு அது குழாய் மாதிரித்தான் தெரிந்தது. கார் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் டெஸ்ட் எடுக்கும் அதிகாரி எச்சரிக்கை விளக்கு எரிகிற காரில் ஏறவே மாட்டார். போன மாதம்தான் வேறொரு பள்ளியின் காரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். இரண்டு பிரேக் உள்ள கார்தான் டெஸ்டுக்கு வேண்டும். அவசரத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது?

அன்றிலிருந்து ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். எதிர்வீட்டுக்காரர், "பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டுங்க சார்" என்றார். மாட்டினேன். காரின் கடிகாரத்துக்கு நேரமும் ரேடியோவுக்கு ஸ்டேஷனும் மறந்துபோயின. விளக்கு அணைந்து, மறுபடி எரிந்தது. என் மச்சான் போனில், "மஞ்சள்தானே மாமா? சிவப்பா எரிஞ்சா கூப்பிடுங்க" என்றான். கண்ணுக்கு எதிரில் நின்றிருந்தால் அவன் கன்னம் சிவந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மெயின் ரோட்டு மெக்கானிக்கிடம் போனோம். பானெட்டைத் திறக்காமலேயே, "சென்சார் போயிடுச்சு. பொருள் வர அடுத்த வாரம் ஆகும்" என்றார். அங்கிருந்து பாலத்தடி மெக்கானிக். அவரிடம் காரில் சொருகிப் பார்க்கும் மெஷின் இருந்தது. பார்த்துவிட்டு, "பெட்ரோல் ஆவி எங்கேயோ கசியுதுன்னு காட்டுது. சும்மாவும் காட்டும்" என்று சொல்லி, மெஷினிலேயே விளக்கை அணைத்துக் கொடுத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சனிக்கிழமை மத்தியானம் பயிற்சியின் நடுவில் அது மறுபடியும் எரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிடலாம் என்றேன். என் மனைவி பார்த்த பார்வையில் டேப்பைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

பேக்கரிக்காரம்மா மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், எனக்கு அதிர்ஷ்டம் இல்லைன்னு விட்டுடலாமா?" என்றாள். என் மனைவிக்குக் கோபம்தான் வந்தது. "வாயை மூடிக்கிட்டு பங்க்குக்கு விடு. பெட்ரோல் உன் முறை."

பங்க்கில் வழக்கமாக என் மனைவி மீட்டர் பக்கம் நிற்பாள். அன்று இருந்த எரிச்சலில் காரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். பேக்கரிக்காரம்மா டேங்க் மூடியில் கை வைத்தாள். வைத்ததுதான், மூடி கையோடு வந்துவிட்டது. முறுக்கவே இல்லை.

"என்னம்மா இது, திறந்தா கிடந்துச்சு?" என்றேன்.

"இல்லண்ணே. போன தடவை நான்தானே போட்டேன். மூடித்தான் வச்சேன்."

"எப்படி மூடின? செஞ்சு காட்டு" என்றாள் என் மனைவி.

அவள் மூடியை இரண்டு விரலால் எடுத்து, தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போடுவதுபோல வைத்து, லேசாக ஒரு திருப்பு திருப்பிக் கையை எடுத்தாள். "டீச்சர் சொன்ன மாதிரி மெல்லத்தான்."

பெட்ரோல் ஆவி கசிந்தது இந்த மூடி வழியாகத்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மூன்று நாள் அலைச்சல், இரண்டு மெக்கானிக், போன ரேடியோ, எல்லாம் இதற்காகவா! வாயைத் திறந்தேன். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவளைத் திட்டாதீங்க. மெல்ல, மெல்லன்னு உயிரை எடுத்தது நான்." பிறகு அவளிடம், "முறுக்கும்மா. மாவு பிசையிற கையால முறுக்கு" என்றாள். டிக், டிக், டிக் என்று மூடி இறுகியது.

விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

என் மனைவி பாலத்தடி மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். "அட, மூடியா!" என்று மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "இனி கவலை இல்ல டீச்சர். ஓட்டுங்க, தானா அணைஞ்சிடும்."

"எப்போ?"

"அது காரோட இஷ்டம். ஓட்டி நிறுத்தி, நல்லா ஆறவிட்டு, திரும்ப ஓட்டணும். சில தடவை அப்படிச் செஞ்சா அதுக்கே நம்பிக்கை வந்துடும்."

"மெஷின்ல அணைச்சுக் கொடுங்களேன்."

"நான் பஸ்ல இருக்கேன். செவ்வாய்க்கிழமைதான் வருவேன்."

செய்யாத குற்றத்துக்குப் பிடித்து வைத்து, நிரபராதி என்று நிரூபித்த பிறகும் விடாத போலீஸ்காரரிடம் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். சும்மா ஓட்டுவதற்குப் பதிலாக ரொட்டி போடும் வழியிலேயே ஓட்டுவோம், நாளைக்கு அவளுக்கும் பழகும் என்றாள். பின்சீட்டில் ரொட்டித் தட்டுகள், அவற்றுக்கு நடுவில் நான். மடியில் ஒரு தட்டு, காலடியில் ஒரு தட்டு. மூக்கு அரித்தால் சொரியக்கூட வழியில்லை. ஒவ்வொரு கடையிலும் நிறுத்தி, இறக்கி, இன்ஜின் ஆறும் வரை காத்திருந்து, சாவியைத் திருப்பினால் அதே மஞ்சள் விளக்கு. "அணைஞ்சுதா?" என்று நான் கேட்கக் கேட்க, "கேட்காதீங்க" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். கேன்டீன் வாசலில் குறுகலான சந்து. அதில் காரைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினாள் பேக்கரிக்காரம்மா. என் மனைவியின் கால் தரையில் அசையவே இல்லை. அதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

திங்கட்கிழமை டெஸ்ட் மைதானத்துக்குப் போகும்போதும் விளக்கு எரிந்தது. எங்களுக்கு முன்னால் நான்கைந்து கார் வரிசையில் நின்றன. இன்ஜினை அணைத்துவிட்டு நாங்கள் இருவரும் இறங்கி நின்றோம். பேக்கரிக்காரரும் ஊன்றுகோலோடு வந்து சுவரில் சாய்ந்து நின்றார்.

அதிகாரி வந்தார். டயரைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். "ஸ்டார்ட் பண்ணுங்க."

சாவியைத் திருப்பினாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தது. ஒவ்வொன்றாக அணைந்தது. என் மனைவியின் நகம் என் கையில் பதிந்தது. கடைசியாக அந்தக் குழாய்ப் படமும் அணைந்தது. இத்தனை நாள் எங்களைப் படாதபாடு படுத்திவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல அணைந்தது.

கார் கிளம்பிப்போய்க் கண்ணுக்கு மறைந்தது. என் மனைவி நின்ற இடத்திலேயே மண்ணை மிதித்து மிதித்து ஒரு குழியே உண்டாக்கிவிட்டாள்.

திரும்பி வந்த காரிலிருந்து அதிகாரி இறங்கி, முகத்தில் எதையும் காட்டாமல் அடுத்த காருக்குப் போனார். பேக்கரிக்காரம்மா கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கினாள். தன் கணவர் நின்ற பக்கம் பார்த்தாள். கதவைத் தடாரென்று சாத்தினாள். மைதானமே திரும்பிப் பார்த்தது.

சாத்திய பிறகுதான் நினைவு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு என் மனைவியைப் பார்த்தாள். "பாஸ், டீச்சர்."

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படித்தான் சாத்தணும்" என்றாள்.