தொண்ணூறு டிகிரியில் நின்ற மடக்குப்படி

கம்பம் புறவழிச்சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். டிரெய்லர், தண்ணீர் டேங்கர், ஜீப்புக்கான இரும்பு வேலைகள் எல்லாம் அங்கே நடக்கும். பொறியியல் படித்தவன் நான் ஒருவன்தான். கணினியில் வரைந்து கொடுப்பது என் பொறுப்பு. அப்போது வரைந்தவற்றில் ஒரு கோப்பை மட்டும் இன்றைக்கும் என்னால் அருவருப்பில்லாமல் திறக்க முடிவதில்லை.

கூடலூரிலிருந்து விடியும் முன்பே ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் குமுளி மலை ஏறும். பின்பக்கம் ஒழுங்கான படி இருக்காது. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்ட பெண்கள், ஒரு கையில் தூக்குவாளியோடு, டயரிலும் கொக்கியிலும் கால் வைத்துத் தொற்றி ஏறுவார்கள். அதைப் பார்த்துத்தான் மடக்குப்படி ஒன்றை யோசித்தேன். முதலாளி கேட்கவில்லை, நானே போய்ச் சொன்னேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது.

வரையும் மென்பொருளில் பாகங்களைச் சேர்க்கும்போது, எது எதோடு ஒட்ட வேண்டும், எது எதைச் சுற்றித் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் விதி கொடுக்க வேண்டும். சுழற்சிக்கு எல்லை கொடுக்காத பாகம், மவுஸால் இழுத்த பக்கமெல்லாம் காற்றாடிபோலச் சுற்றும். பக்கத்து இரும்புக்குள்ளேயே புகுந்து மறுபுறம் வரும். என் படித்தகட்டைக் கீலின் அச்சில் பொருத்திவிட்டு, கோணத்துக்கு எல்லை கொடுத்தேன்: குறைந்தது பூஜ்யம், அதிகபட்சம் தொண்ணூறு. மடக்கினால் தகடு ஜீப்பின் பின்கதவோடு ஒட்டி நின்றது. இறக்கினால் தரைக்கு இணையாக வந்து சட்டென்று நின்றது. அதை நிறுத்தியது ஓர் எண். உண்மையான தகட்டை நிறுத்துவதற்குக் கீலுக்கு அடியில் இரும்பில் ஒரு தடுப்பு வேண்டும். அதை நான் வரையவே இல்லை. திரையில் நின்றது எனக்குப் போதுமானதாக இருந்தது.

வெல்டிங் பார்த்தவர் உத்தமபாளையத்துக்காரர்; பட்டறையில் எல்லோருக்கும் அவர் பாய். முதல் படியைப் பொருத்திப் பார்த்தபோது தகடு தொண்ணூறைத் தாண்டி, நாய் நாக்கைப் போலக் கீழே தொங்கியிருக்கிறது. என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, இத எது நிப்பாட்டுது?”

“லிமிட் குடுத்திருக்கேன் பாய். தொண்ணூறத் தாண்டாது.”

திரையில் ஓட்டிக் காட்டினேன். பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் ஏதோ யோசித்துத்தான் வைத்திருக்கிறேன் என்று அவர் நம்பினார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வரைபடத்தில் இல்லாத எதையும் முழுதாக வெல்டு அடிக்க மாட்டார்கள். வண்டிக்காரர் வந்து பார்த்தபின் முதலாளி எடுக்கச் சொன்னால் அரைநாள் அறுக்க வேண்டும். இரண்டு பொட்டு வெல்டு மட்டும் வைத்து ஒட்டியிருந்தால் ஒரு சுத்தியல் தட்டில் விழுந்துவிடும். அதற்கு ‘டாக்’ என்று பெயர். பாய் ஒவ்வொரு கீலுக்கு அடியிலும் ஒரு கம்பித்துண்டை டாக் வைத்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டார். நான் வரைபடத்தில் ஏற்றியதும் முழுதாக அடித்துவிடலாம் என்று காத்திருந்தாராம். என்னிடம் சொன்னதாகவும் சொன்னார். சொல்லியிருப்பார். நான் அடுத்த வரைபடத்தில் மூழ்கியிருந்திருப்பேன்.

இப்படிப் பதினான்கு ஜீப்புகள் போயின.

காய் பறிப்பு மும்முரமாக இருந்த ஒரு சாயங்காலம், கூடலூரில் இறங்கிய பெண் ஒருவரின் காலடியில் கம்பித்துண்டு பெயர்ந்தது. தகடு கீழே மடிய, அவர் கால் தகட்டுக்கும் பம்பருக்கும் இடையில் போய் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

மறுநாள் காலை அந்த ஜீப்புக்காரர் பட்டறைக்கு வந்தார். முதலாளி பன்னீர் திராட்சை தின்றுகொண்டிருந்தார். தோலையும் விதையையும் குடித்து முடித்த டீ கிளாஸில் துப்பிக்கொண்டே, என் கணினியை ஜீப்புக்காரர் பக்கம் திருப்பி, படி மடங்கி இறங்குவதைக் காட்ட நான் செய்திருந்த வீடியோவை ஓடவிட்டார்.

“இந்தா பாருங்க. எங்கனயாச்சும் தாண்டிப் போகுதா? கம்ப்யூட்டரே நிக்குதுங்குது. அந்தம்மா மூட்டையோட குதிச்சிருக்கும்.”

ஜீப்புக்காரர் மூன்று முறை பார்த்தார். பிறகு, அந்தப் பொம்பளை கொஞ்சம் கனத்த உடம்புதான் என்றார். இருவரும் சிரித்தார்கள். கிளாஸுக்குள் இன்னொரு தோல் விழுந்தது. பழி என்மேல் வரவில்லை என்று என் உடம்பு இளகியது. அவர்கள் சிரிப்பைவிட அதுதான் இன்றுவரை நாறுகிறது. மீதிப் பதிமூன்று படிகளிலும் அன்று காலை பெண்கள் ஏறித்தான் போயிருந்தார்கள்.

மவுஸை வாங்கி, வீடியோவை மூடிவிட்டு வரைந்த கோப்பைத் திறந்தேன். எல்லையை நீக்கிவிட்டுத் தகட்டை இழுத்தேன். அது தொண்ணூறைத் தாண்டி, பம்பருக்குள் புகுந்து, ஜீப்பின் உடலைக் கிழித்துக்கொண்டு முழுவட்டம் சுற்றியது.

“இப்பப் பாருங்கண்ணே. இவ்வளவு நேரம் நின்னது நான் போட்ட நம்பர். உங்க வண்டியில அந்த நம்பர் கெடையாது. தப்பு என்னோடது.”

“அப்ப எங்க வண்டியில எதுதேன் நிப்பாட்டுச்சு?”

வாசலில் நின்ற பாய்தான் பதில் சொன்னார். “ரெண்டு பொட்டு.”

“ஏலே, நீ எந்தப் பக்கம்?” என்றார் முதலாளி என்னிடம்.

ஜீப்புக்காரர் அதற்குள் செல்பேசியை எடுத்து மற்றவர்களைக் கூப்பிடத் தொடங்கியிருந்தார். மூன்று நாட்களில் ஒன்றைத் தவிர எல்லா ஜீப்புகளும் வந்தன. தடுப்பை வரைந்து கொடுத்தேன். பாய் முழுதாக அடித்தார். வந்தவர்களிடமெல்லாம் முதலாளி, இது புது மாடல், இன்னும் பலமாக்கித் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுத்துச் சொல்லும்போதெல்லாம் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

அடிபட்டவரைப் போய்ப் பார்த்தேன். “நாந்தேன் பாத்துக் கால வச்சிருக்கணும் தம்பி,” என்றார். இல்லை, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வராத அந்த ஒரு ஜீப்பைத் தேடி மறுநாள் அதிகாலையில் கூடலூர் ஸ்டாண்டுக்குப் போனேன். வண்டிக்காரர், பறிப்பு முடியட்டும், வருகிறேன் என்றார். பின்னால் பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். படி எடை தாங்காமல் மடிந்துவிடும் என்று அவர்களிடமே சொன்னேன்.

“எல்லாரும் ஏறுன பெறகு வந்து சொல்றீகளே,” என்றார் ஓரத்தில் இருந்தவர்.

பிறகு அவர்கள் படியைத் தொடாமல், டயரில் கால் வைத்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். அதைக் கழற்றாமல் ஏற மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். வண்டிக்காரர் என்னைத் திட்டிக்கொண்டே ஸ்பேனரை எடுத்துப் படியைக் கழற்றி என் காலடியில் போட்டார். கீலுக்கு அடியில் இருந்த கம்பித்துண்டைப் பிடித்துத் திருகிப் பார்த்தேன். பெயின்ட்டோடு கையில் வந்துவிட்டது.