ஒன்பது மணி மனு

சரியாக ராத்திரி ஒன்பது அஞ்சுக்கு எல்லாம் கோணலாகத் தொடங்கியது. அதற்கு அஞ்சு நிமிஷம் முன்னால்தான் நாங்கள் ஜெயித்திருந்தோம்.

நாங்கள் என்றால் ஒரே தெருவில் இருக்கும் நாலு அம்மாக்கள். ஜெயித்தது பைபாஸ் ரோட்டு ஹோட்டலில். சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிய தகர ஷெட்டில் மூன்று விளையாட்டு மிஷின்கள் உண்டு. ஸ்டீயரிங் பிடித்துக் கார் ஓட்டுவது ஒன்று, துப்பாக்கியால் சுடுவது ஒன்று, இரும்புக் கையால் பொம்மை தூக்குவது ஒன்று. லாரியும் பஸ்ஸும் நிற்கிற இடம் என்பதால் நடுராத்திரி தாண்டியும் ஓடும். என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். டியூஷன் முடிந்து அந்தக் கார் மிஷினில் உட்கார்ந்தால் வீடு வந்து சேர மணி பதினொன்று. படிப்பு கெடுவதுகூட எனக்கு இரண்டாவது கவலைதான். அந்த லாரி ரோட்டில் இருட்டில் வருகிறானே என்று தினமும் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மனு எழுதியது நான். பி.காம் படித்ததற்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு வேலை வந்தது. ‘மாணவர் நலன் கருதி’ என்று ஆரம்பித்தேன். எத்தனை மணிக்கு மிஷினை அணைக்கச் சொல்வது என்பதில்தான் தகராறு. எட்டு என்றேன். எதிர்வீட்டு மதினி ஒரே பிடியாக, “எட்டு மணி சீரியல் முடியாம பயலக் கூட்டியாற நான் எங்கிட்டும் வரமாட்டேன். பாத்துக்க” என்றாள். ஆகவே ஒன்பது. மனுவில் அதற்கும் மாணவர் நலன்தான் காரணம்.

ஹோட்டல்கார அண்ணாச்சி மனுவை இரண்டு தடவை படித்தார். சண்டைக்குத் தயாராகப் போன எங்களுக்கு ஏமாற்றம்.

“அணைச்சிருவோம் தாயி. ஆனா நான் சொன்னா எவன் கேப்பான்? மொத ஒரு வாரம் நீங்களே வந்து நில்லுங்க. அம்மாமாரப் பாத்தா தானா எந்திரிச்சிருவானுக.”

முதல் நாள் நாலு பேரும் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அன்றைக்கு எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை. பத்து நாளைக்கு ஒரு தடவை, ராத்திரி பதினோரு மணிக்கு வரும். அதற்குள் திரும்பிவிடலாம் என்று குடங்களை வரிசையாக வைத்துவிட்டுத்தான் வந்திருந்தோம். ஷெட்டில் என் மகன் இல்லை. மனு எழுதியதுமே பையன் திருந்திவிட்டான் என்று மற்ற மூவரையும் பெருமையாகப் பார்த்தேன். மதினியின் மகன் இருந்தான். மதினி என்னைப் பார்க்கவில்லை.

ஒன்பதுக்கு அண்ணாச்சி பிளக்கைப் பிடுங்கினார். பையன்கள் எழுந்து ஓடினார்கள். கார் மிஷினில் மட்டும் ஒரு பெரிய முதுகு அசையாமல் இருந்தது. திரும்பியதும் பார்த்தால், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர்!

“யக்கா, கடைசி வளைவுல போயி அணைச்சிட்டீகளே” என்றார், அழாத குறையாக.

“நீங்க இங்க என்ன பண்றீக?” என்றாள் மதினி.

“தெனமும் இதுல பத்து ரவுண்டு ஓட்டிட்டுத்தான் வால்வு தொறக்கப் போவேன். அதான் உங்களுக்குப் பதினொண்ணு. இனி எனக்கு இங்க என்ன சோலி? இப்பவே தொறந்து விட்டுட்டுப் போறேன்.”

அந்தப் பதினோரு மணிக்குக் காரணமாகப் பம்பு, பிரஷர், பெரிய அதிகாரி எல்லாம் இருப்பதாக நாங்கள் வருஷக்கணக்கில் நம்பியிருந்தோம். அவர் மொபெட்டை உதைத்துக் கிளம்பியபோது மணி ஒன்பது அஞ்சு.

அண்ணாச்சி தன் காய்கறி லோடு ஆட்டோவில் எங்களை ஏற்றி அனுப்பினார். மதினி தன் மகனைக் காதைப் பிடித்து ஏற்றினாள். முட்டைக்கோஸ் மூட்டைமேல் உட்கார்ந்தபடி, குடம் வைக்கச் சொல்லலாம் என்று மகனுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். டியூஷன் சாருக்குப் போட்டேன். “இன்னைக்கு அவன் வரலையேம்மா” என்றார்.

தெருவில் குழாயெல்லாம் ஓங்கி ஊற்றிக்கொண்டிருந்தது. எங்கள் வாசலில் பைக் இல்லை. வீட்டுக்காரர் சரக்கெடுக்க பஸ்ஸில் மதுரை போயிருந்தார். மதினி மகனின் காதை இன்னொரு முறுக்கு முறுக்கியதும் விஷயம் வந்தது.

“அத்தை, இங்க ஒம்பதுக்கு அணைக்கப் போறாகன்னு அவன் பந்தல்குடி ஹோட்டலுக்குப் போயிட்டான். அங்க விடிய விடிய ஓடும்.”

வாசல் நடையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து பைபாஸில் இருந்த பயத்தை நானே கைப்பட மனு எழுதி, தூத்துக்குடி ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பந்தல்குடி வரைக்கும் நீட்டி வைத்திருக்கிறேன். அந்த ரோட்டில் லாரிகள் போகும் வேகம் எனக்குத் தெரியும். லைசென்ஸ் இல்லாத பையன். கண்ணை மூடினால் ஹெட்லைட்டாகத் தெரிந்தது.

மதினி என் குடங்களையும் சேர்த்து நிரப்பினாள். அண்டா, வாளி, குழம்புச் சட்டிவரை நிறைந்தது. அப்புறமும் தண்ணீர் நிற்கவில்லை. மழைக்குக்கூட நனையாத எங்கள் தெருவில் வாய்க்கால் ஓடியது. வால்வை அடைக்க ஆளைக் காணோம். “உன் மனு நல்லாத்தான் வேல செய்யிது” என்று சொல்லிவிட்டு, மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மணி பதினொன்று அடித்தது.

பதினொன்று பத்துக்குத் தெருமுனையில் ஒற்றை வெளிச்சம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மொபெட் வந்தது. பின்னால் என் மகன். நான் முதலில் எண்ணினேன். இரண்டு கை, இரண்டு கால், ஒரு தலை. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, “பைக்கு பஞ்சரும்மா. போன்ல சார்ஜ் இல்ல” என்றான்.

“பாதி ரோட்டுல உருட்டிக்கிட்டு வந்தான்க்கா. பைக்க பெட்ரோல் பங்குல விட்டுட்டுக் கூட்டியாந்தேன்” என்றார் தண்ணீர்க்காரர்.

“அந்நேரத்துல நீங்க எதுக்கு அந்த ரோட்டுக்குப் போனீக?” என்றாள் மதினி.

அவர் தெருவில் ஓடிய தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

“பந்தல்குடியிலயும் அணைக்கணும்னா மனு எழுதுங்க யக்கா, வேணாங்கல. எழுதுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. ஒங்க தெருவுக்கு எத்தன மணிக்குத் தண்ணி விடணும்னு நானும் முடிவு பண்ணணும்ல?”