ஒன்றும் சொல்லாத கோப்பை

எங்கள் தேயிலைக் கடைக்கு முதன்முதலாக வந்த வாடிக்கையாளரை என் கணவர் பேசியே திருப்பி அனுப்பினார். வந்தவர் ஈரோட்டுப் பக்கம். குடும்பத்தோடு ஊட்டி பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் காரை நிறுத்தியிருந்தார். ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்து, "தூள் நல்லாருக்குங்களா?" என்று கேட்டார். கடை வைத்திருக்கும் எவரும் "அருமையா இருக்குமுங்க" என்று சொல்லிக் கையோடு பையில் போட்டுக் கொடுத்திருப்பார். இவர் கொஞ்சம் தூளை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்தார், மோந்து பார்த்தார், "இலை காய வெக்கற டிரையர்ல சூடு கொஞ்சம் ஏறியிருச்சுங்க, லேசாக் கருகல் வாடை இருக்குது" என்றார். அந்த மனிதர் பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பக்கத்துச் சாக்லேட் கடைக்குப் போய்விட்டார்.

"ஏனுங்க, நம்ம கடைக்கு நாமளே பூட்டுப் போடணும்னு ஏதாச்சும் வேண்டுதலா?" என்று கேட்டேன்.

"கேட்டாரு, சொன்னேன்" என்றார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. பாதி ஆயுசைத் தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராகக் கழித்தவர். முந்தின நாள் அரைத்த தூளைக் காலையில் வரிசையாக வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றி வைப்பார்கள். அதை உறிஞ்சிப் பார்த்து, துப்பிவிட்டு, எதில் என்ன கோளாறு என்று சொல்வது அவர் வேலை. குறை சொல்லிச் சம்பளம் வாங்கிய மனிதர் என்று நான் சொந்தக்காரர்களிடம் சொல்வேன். அப்படிப்பட்டவர் வீட்டில் நான் போட்டுக் கொடுக்கும் டீயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நன்றாக இருக்கிறது என்றும் இல்லை, நன்றாக இல்லை என்றும் இல்லை. குடிப்பார், தம்ளரைக் கீழே வைப்பார், ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கல்யாணமான புதிதில் ஆசையாகக் கேட்டுப் பார்த்தேன். பிறகு சண்டை போட்டுக் கேட்டேன். அப்புறம் இவரிடம் கேட்பதும் சுவரிடம் கேட்பதும் ஒன்றுதான் என்று விட்டுவிட்டேன். ஆனால் கோபம் மட்டும் காலை டீயோடு தினமும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

தேயிலை விலை விழுந்தபோது ஃபேக்டரியில் ஆள் குறைத்தார்கள். கையில் வந்ததைப் போட்டு, குன்னூரிலிருந்து ஊட்டி போகும் ரோட்டில், ஜெகதளா பிரிவுக்குக் கொஞ்சம் தள்ளி இந்தக் கடையைப் பிடித்தோம். ஒரு பக்கம் சாக்லேட் கடை, இன்னொரு பக்கம் தைலக் கடை. என் கணவரின் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். "மே மாச சீசன் முடியற வரைக்கும் பாரு. ஓடலைன்னா கடையை முடிச்சுட்டு இங்க வந்துரு, சூப்பர்வைசரா இரு" என்று சொல்லியிருந்தார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் கேட்கும்போதே வேர்த்தது. பிறந்ததிலிருந்து கம்பளியை இழுத்துப் போர்த்தித் தூங்கியவள் நான். ஒருமுறை திருப்பூருக்குக் கல்யாணத்துக்குப் போய், முகூர்த்தம் முழுக்க ஃபேனுக்கு அடியை விட்டு நகராமல் இருந்து மாப்பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பியிருக்கிறேன். அங்கே போய்க் குடியிருப்பதாவது.

அந்தச் சமயத்தில் குன்னூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிறு வியாபாரிகளுக்கு ஒருநாள் வகுப்பு நடத்தினார்கள். நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த சார் டை கட்டியிருந்தார், குளிரில் பல் தந்தியடித்தாலும் சிரித்துக்கொண்டே பேசினார். வாடிக்கையாளரை முதலில் நிற்க வையுங்கள், பிறகு விற்கலாம் என்றார். உங்கள் பொருளை நீங்களே மட்டம் தட்டாதீர்கள் என்றார். அப்போது நான் பலமாகத் தலையாட்டியதில் பக்கத்தில் இருந்த தைலக் கடைக்காரம்மா திரும்பிப் பார்த்தார். கடைசியாக, இலவசமாக ருசி காட்டுங்கள், வாங்காமல் போக மனசு வராது என்றார். பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். நாளையிலிருந்து நம் கடையில் ருசி காட்டுவது.

இவரிடம் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மறுநாள் நான் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் மேஜை மேல் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நின்றன. கீழே ஒரு பக்கெட். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. வந்தவர்களிடம், "முழுங்காதீங்க, உறிஞ்சித் துப்பணும்" என்று சொல்லிவிட்டு, ஸ்பூனில் எடுத்து உர்ரென்று ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். ரோட்டில் போன நாய் நின்று பார்த்தது. அடுத்து பக்கெட்டில் துப்பினார். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று அப்படியே பின்னால் நடந்து வெளியே போனது.

அன்று மாலையே பக்கெட்டைத் தூக்கிப் பின்பக்கம் வைத்தேன். "இனிமேல் பேசறது நானு. நீங்க பாக்கெட் கட்டுங்க, போதும்" என்றேன். நான் பால் ஊற்றி, ஏலக்காய் தட்டிப் போட்டு, திக்காக டீ போட்டுச் சின்னச் சின்னக் கப்பில் கொடுத்தேன். கூட்டம் வந்தது, சும்மா சொல்லக் கூடாது. ஜீப் டிரைவர்கள் எல்லாரும் வந்தார்கள். தினமும் வந்தார்கள். ஒருவர் பன் கிடைக்குமா என்றும் கேட்டார். தூள் மட்டும் அலமாரியை விட்டு இறங்கவில்லை. இவர் ஒரு மூலையில் உட்கார்ந்து பாக்கெட் கட்டிக்கொண்டே இருந்தார். பேச்சு இல்லாத மனிதர்தான், ஆனால் அந்த நாட்களில் பேச்சில்லாததோடு ஆளும் வாடிப்போயிருந்தார். பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

மே கடைசி வாரம் வந்துவிட்டது. அண்ணன் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ஆவதைப் பேசி முடித்துவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை விடியும்முன்பே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கடைக்கு மேலே வளைவில் தைலம் காய்ச்சும் கற்பூர மரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்துவிட்டது. ஊட்டியிலிருந்து வர வேண்டிய பால் வண்டி மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. மதுரையிலிருந்து ஊட்டிக்குப் போன டூரிஸ்ட் பஸ் ஒன்று இந்தப் பக்கம், சரியாக எங்கள் கடை வாசலில் நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண்கள் நடுங்கிக்கொண்டே உள்ளே வந்து டீ கேட்டார்கள். எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் டீச்சர்களாம். நான் காலிப் பால் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் அவர்களில் குரல் பெரிதான ஒரு டீச்சர் அலமாரிக்கு மேலே இருந்த வெள்ளைக் கோப்பைகளைப் பார்த்துவிட்டார். "இதென்னண்ணே, பிடியே இல்லாம?" என்று இவரைக் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினேன்.

கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. கோப்பைகள் வரிசையில் நின்றன. பக்கெட்டும் வந்துவிட்டது. இவர் உறிஞ்சிய சத்தத்தில் கடையே சிரித்தது. குரல் பெரிதான டீச்சர் ஸ்பூனை வாங்கித் தானும் உறிஞ்சினார், புரையேறியது. அடுத்தவர் வந்தார். யாருக்குச் சத்தம் பெரிதாக வருகிறது என்று போட்டியே நடந்தது. பஸ் டிரைவரும் கிளீனரும் வந்து கலந்துகொண்டார்கள். பக்கத்துக் கடைகளில் ஒதுங்கியிருந்தவர்கள் சாக்லேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். வாடிக்கையாளரை நிற்க வைப்பது என்று அந்த சார் சொன்னது இதுதான் போலிருக்கிறது.

இவரும் விடவில்லை. முதல் கோப்பையை உறிஞ்சிவிட்டு, "இது கருகல்" என்றார். அடுத்தது, "இலை சரியா வாடலை, பச்சை வாடை". அதற்கடுத்தது, "மழைக்கால இலை, நிறம் வரும், ருசி சப்புனு இருக்கும். ஆனா விலை கம்மி". யார் முதலில் வெளியே போவார்களோ என்று வாசலைப் பார்த்தேன். டீச்சர்கள் அப்படி ஒன்றும் ஓடவில்லை. இவர் சொன்ன குறை தங்கள் நாக்குக்குத் தெரிகிறதா என்று பார்க்க மறுபடி மறுபடி உறிஞ்சினார்கள். கடைசிக் கோப்பைக்கு வந்ததும் இவர் உறிஞ்சினார், துப்பினார், ஸ்பூனைக் கழுவினார். ஒன்றும் சொல்லவில்லை.

"என்னண்ணே, இதுக்கு ஒண்ணுமே சொல்லலையே?" என்று கேட்டார் பெரிய குரல் டீச்சர்.

"குறை இருந்தாத்தானுங்க சொல்லோணும்" என்றார் இவர். "ஃபேக்டரியில அப்படித்தான். நல்லாருந்தா வாயைத் திறக்க மாட்டோம். அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருவோம்."

எல்லாருக்கும் அந்தத் தூள்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. நான் பை பையாகப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சிலர் மழைக்கால இலையையும் வாங்கினார்கள், விவரம் தெரிந்துதானே வாங்குகிறோம் என்று. அலமாரி பாதி காலி. அந்த நேரம் பார்த்து அதே டீச்சர் என்னைக் கையால் காட்டி, "அது சரிண்ணே, வீட்டுல அக்கா போடற டீ எப்பிடி?" என்று இவரைச் சீண்டினார்.

இவர் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல், "இத்தனை வருசத்துல நான் ஒண்ணும் சொன்னதில்லைங்க" என்றார்.

டீச்சர்கள் ஓவென்று கத்திக் கை தட்டினார்கள். நான் கையில் பிடித்த பையில் தூளைக் கொட்டுவதற்குப் பதிலாகத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை காலைகள், எத்தனை தம்ளர், எத்தனை சண்டை. பாவி மனுஷன், முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆத்திரமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

இப்போதும் புதிதாகக் கடை வைக்கும் பெண்கள் என்னிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. டை கட்டிய சார் சொன்னதில் ருசி காட்டுவதைத் தவறாமல் சொல்கிறேன். மட்டம் தட்டாதீர்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை. குறை உள்ளதைக் குறை என்று சொல்லுங்கள், குறையே சொல்ல முடியாத சரக்கு ஒன்றாவது கடையில் இருக்கட்டும் என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். அதற்குள் அந்த டீச்சர்கள் சொல்லி அனுப்பிய இன்னொரு பஸ்ஸும் வந்து போயிருந்தது. அண்ணன் காலி அலமாரியைப் பார்த்தார், வாசலில் நின்ற கார்களைப் பார்த்தார், பேச வந்ததைப் பேசவில்லை. இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். "டீ பிரமாதமா இருக்குது" என்றார் அண்ணன். என் கணவர் குடித்து முடித்தார், தம்ளரைக் கீழே வைத்தார், எழுந்து கோப்பைகளை அடுக்கப் போய்விட்டார். நான் அந்த வெறும் தம்ளரை எடுத்துக்கொண்டு அவசரமாக உள்ளே போனேன், என் முகத்தை அண்ணன் பார்த்துவிடக் கூடாது என்று.